கேட்டால்தான் தெரியும்: மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வின் வரலாறு



வரலாறு என்றதும் நமக்கு மலாக்காவும் பங்கோர் ஒப்பந்தமும் நினைவுக்கு வரும். நோய்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. ஒரு நோய்க்கு யார் பெயர் வைத்தார்கள், யார் எண்ணிப் பார்த்தார்கள், யார் கண்ணில் அது படவே இல்லை என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சமுதாயத்தின் கதையே வெளியே வந்துவிடும்.

இந்தக் கட்டுரை மகப்பேற்றுக்குப் பிறகு தாய்மாருக்கு வரும் மனச்சோர்வு, மனப்பதற்றம் பற்றியது. இது புதிய நோய் அல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே எழுத்தில் அதன் சாயல் இருக்கிறது. ஆனால் வீட்டிலேயே இருக்கிற ஒரு சாதாரணத் தாயைத் தேடி உதவி போக ஆரம்பித்து ஏறக்குறைய 40 வருஷம்தான் ஆகிறது. ஏன் இவ்வளவு தாமதம்? இதுதான் நம் வினா.

முதலில் மூன்றையும் பிரித்துக்கொள்வோம்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். மருத்துவம் மூன்றாகப் பிரிக்கிறது.

ஒன்று, பிள்ளை பிறந்து 3, 4 நாளில் வரும் அழுகையும் மனக்கலக்கமும். தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வருகிறது. இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். ஆறுதலும் தூக்கமும் போதும்.

இரண்டு, மனச்சோர்வு. இரண்டு வாரம் தாண்டியும் நீடிக்கும், அல்லது சில மாதம் கழித்தும் தொடங்கும். பத்தில் ஒருவருக்கு, சில ஊர்களில் அதற்கும் மேலாக, வருகிறது. மனப்பதற்றம் பெரும்பாலும் இதோடு சேர்ந்தே வரும், தனியாகவும் வரும்.

மூன்று, மனம் நிஜத்தை விட்டு விலகிப்போகும் கடுமையான நிலை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்குத்தான் வரும். இல்லாத குரல் கேட்கும், இல்லாதது தெரியும், தூக்கமே இருக்காது. இது அவசர சிகிச்சைக்குரியது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் ஒன்று புரியும். பழைய பதிவுகளில் கிடைப்பது பெரும்பாலும் மூன்றாவது வகைதான். இரண்டாவது வகைத் தாய்மார் காணாமல் போய்விட்டார்கள்.

பழைய பதிவுகள் சொல்வது

கிரேக்க மருத்துவர் இப்போகிரெட்டிஸ் பெயரில் வழங்கும் நோயாளிக் குறிப்புகளில் கூஸிக்கஸ் ஊர்ப் பெண் ஒருத்தி வருகிறாள். இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்றவள். காய்ச்சல், தூக்கமின்மை, யாரிடமும் பேசாமை, பிறகு பிதற்றல், 17-ஆம் நாள் மரணம். இன்றைய மருத்துவர்கள் இதைப் பிரசவக் கிருமித்தொற்று என்றே கருதுவார்கள். ஆனாலும் உடலோடு சேர்த்து மனத்தின் நிலையையும் அந்த மருத்துவர் நாள்வாரியாக எழுதிவைத்திருக்கிறார் பாருங்கள், அது பெரிய விஷயம்.

தாயே தன் வாயால் சொன்ன பழைய பதிவுகளில் முக்கியமான ஒன்று இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. மார்ஜரி கெம்ப் என்பவர் 1373 வாக்கில் லின் நகரத்தில் பிறந்தவர். நகர மேயரின் மகள். ஏறத்தாழ 20 வயதில் முதல் குழந்தை பிறந்ததும் அவருக்கு மனம் பேதலித்தது. தன்னையே கடித்துக்கொண்டார். கட்டிவைத்துக் காவல் காத்தார்கள். அரை ஆண்டும் எட்டு வாரமும் சில நாள்களும் அது நீடித்தது என்று அவரே கணக்குச் சொல்கிறார். ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறு என்று பலர் கருதும் அவர் நூலின் கையெழுத்துப் பிரதி 1934-இல்தான் மறுபடியும் கண்டெடுக்கப்பட்டது.

அந்த நூலில் நாம் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு மார்ஜரி, மனத்தில் கிடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பாதிரியாரை அழைக்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதிரியார் கடிந்துகொள்கிறார். மார்ஜரி வாயை மூடிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமாகிறது. கேட்க வந்தவர் முழுவதும் கேட்கவில்லை. 600 வருஷத்துக்கு முந்திய இந்தக் காட்சி இன்றைக்கும் பல வீடுகளில் நடக்கிறது.

நம் வட்டாரத்திலும் பெயர்கள் இருந்தன. தமிழில் ‘பிரசவ சன்னி’ என்றார்கள். மலாய்க்காரர்கள் ‘மெரோயான்’ என்றார்கள், இன்றும் சொல்கிறார்கள். உகாண்டாவில் ‘அமகிரோ’ என்ற சொல் உண்டு. ஆக, இது ‘வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச வியாதி’ அல்ல. ஆனால் இந்தச் சொற்களை ஊரார் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முற்றிய நிலைக்குத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுகிறவளுக்கு ‘சோம்பேறி’, ‘அழுத்தக்காரி’ என்ற பட்டம்தான் கிடைத்தது.

மருத்துவமனைப் பதிவேடு, நீதிமன்றப் பதிவேடு

19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மருத்துவர் எஸ்கிரோல், சால்பெத்ரியேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இத்தகைய தாய்மாரை எண்ணிப் பார்த்தார். 1838-இல் வெளியான தம் நூலில், மருத்துவமனைக்கு வராமல் வீட்டிலேயே வைத்துப் பார்க்கப்படுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் என்பதையும் குறிப்பிட்டார். 1858-இல் லூயி விக்டர் மார்சே என்ற இளம் மருத்துவர், கருவுற்ற பெண்கள், புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள், பாலூட்டுவோர் ஆகியோரின் மனநோய்க்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். அதில் 310 நோயாளிகளின் விவரம் இருந்தது. 1980-இல் தொடங்கப்பட்ட, இத்துறைக்கான பன்னாட்டுச் சங்கம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

இன்னொரு பதிவேடு நீதிமன்றத்தில் இருந்தது. மனம் பேதலித்த நிலையில் தன் கைக்குழந்தையின் உயிருக்குக் காரணமான தாயை மற்றக் கொலையாளிகளைப் போலவே தூக்குக்கு அனுப்புவதா என்று இங்கிலாந்தில் நெடுங்காலம் விவாதம் நடந்தது. 1922-இல் ஒரு சட்டம் வந்தது. பிரசவத்தின் பாதிப்பிலிருந்து முழுமையாக மீளாத தாயின் மனச் சமநிலை குலைந்திருந்தால் அது கொலைக் குற்றம் அல்ல, வேறு வகைக் குற்றம் என்றது. புதிதாய்ப் பிறந்த குழந்தை என்ற வரையறையை 1938-ஆம் ஆண்டுச் சட்டம் 12 மாதம் வரை நீட்டியது.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஏ பிரிவு இன்றும் ‘புதிதாய்ப் பிறந்த குழந்தை’ என்றே பேசுகிறது. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 310-ஆம் பிரிவு 12 மாதம் என்கிறது. ஒரே ஆங்கிலேயச் சட்ட மரபின் இரண்டு கட்டங்கள் இரண்டு அண்டை நாடுகளில் அப்படியே தங்கிவிட்டன. ஆனால் சட்டம் பேச ஆரம்பிக்கும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும். அதற்கு முன் யார் அந்தத் தாயைப் பார்த்தார்கள்?

‘ரெஸ்ட் எடு, எல்லாம் சரியாயிடும்’

உதவி என்ற பெயரில் செய்தது சில நேரம் கேடாகவும் முடிந்தது. அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனுக்கு 1885-இல் மகள் பிறந்தாள். அதன் பிறகு மனம் சோர்ந்து போனார். 1887-இல் புகழ்பெற்ற நரம்பு மருத்துவர் வெயர் மிட்செல் அவருக்கு ‘ஓய்வு சிகிச்சை’ அளித்தார். படுத்திரு, நிறையச் சாப்பிடு, வீட்டு வாழ்க்கையோடு இரு, எழுதுகோலைத் தொடாதே என்பதே அறிவுரை. சில மாதம் அதன்படி நடந்த கில்மன், பித்துப் பிடிக்கும் விளிம்புக்கே போய்விட்டதாகப் பின்னர் எழுதினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த சிறுகதைதான் 1892-இல் வெளியான ‘மஞ்சள் சுவர்த்தாள்’. இலக்கியம் பயில்வோர் அதை அறிந்திருப்பீர்கள்.

ஓய்வு தேவைதான். யாரோடும் பேசவிடாமல், பிடித்ததைச் செய்யவிடாமல் ஓர் அறையில் வைத்தால் அதை ஓய்வு என்று சொல்ல முடியுமா?

1948-இல் இங்கிலாந்தின் கேசல் மருத்துவமனையில் தாமஸ் மெயின் என்ற மருத்துவர், நோயாளித் தாயைக் குழந்தையோடு சேர்த்தே அனுமதித்தார். தாயையும் பிள்ளையையும் பிரிப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. இன்று பல நாடுகளில் உள்ள தாய்-சேய் மனநலப் பிரிவுகள் அந்த வழியில் வந்தவை.

கேள்வி கேட்டவர்கள்

திருப்பம் 1968-இல் வந்தது. பிரைஸ் பிட் என்ற மருத்துவர் லண்டனில் மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டவில்லை. பிள்ளை பெற்ற 305 தாய்மாரிடம் நேராகவே கேட்டார். ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. பித்து இல்லை, பிதற்றல் இல்லை. சோறு ஆக்கிக்கொண்டு, துணி துவைத்துக்கொண்டு, உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாணவர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மார்சே காலத்தில் அரிதாக இருந்த நோய் 1968-இல் திடீரென்று பெருகிவிட்டதா? இல்லை. கேட்கும் இடமும் கேட்கும் முறையும் மாறின. மருத்துவமனை வாசலில் நின்று எண்ணினால் ஆயிரத்தில் ஒருவர். வீட்டு வாசலில் நின்று கேட்டால் பத்தில் ஒருவர். எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் ‘இதை யார், எங்கே நின்று எண்ணினார்கள்?’ என்று கேட்கப் பழகுங்கள்.

அடுத்த படி 1987. ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சாகோவ்ஸ்கி மூவரும் ‘எடின்பரோ அளவுகோல்’ என்ற வினாப்பட்டியலை வெளியிட்டனர். பத்தே வினாக்கள். கடந்த 7 நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. காக்ஸ் அதற்கு முன் உகாண்டாவில் தாய்மாரிடையே ஆய்வு செய்தவர். ‘அமகிரோ’ பற்றி எழுதியவர்.

அந்தப் பட்டியலின் சிறப்பு என்ன தெரியுமா? பழைய மனச்சோர்வு அளவுகோல்கள் களைப்பு, பசி, எடை என்று உடலைப் பற்றியே அதிகம் கேட்டன. பிள்ளை பெற்ற எந்தத் தாய்தான் களைப்பாக இல்லை? ஆகவே இதில் மனத்தைப் பற்றிக் கேட்டார்கள்: சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறீர்களா? பதற்றத்துக்கென்றே மூன்று வினாக்கள் இருக்கின்றன. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது கடைசி வினா. கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று பலர் பயப்படுவார்கள். அப்படி இல்லை, கேட்டால்தான் அவள் சொல்ல வழி பிறக்கிறது.

1989-இல் அதே குழு இன்னொரு சோதனை செய்தது. குறுகிய பயிற்சி பெற்ற சுகாதாரத் தாதியர் எட்டு வாரம், வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரமாவது தாயின் வீட்டுக்குப் போய் அவள் பேசுவதைக் கேட்டனர். அப்படிக் கேட்கப்பட்ட 26 பேரில் 18 பேர் மீண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேரில் 9 பேரே மீண்டனர். 2008-இல் பாகிஸ்தானின் கிராமங்களில் பெண் சுகாதார ஊழியர்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்விலும் இதே போக்குத்தான். ஆறு மாதத்தில் உதவி பெற்றவர்களில் 23 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 53 விழுக்காட்டினருக்கும் சோர்வு இருந்தது. மார்ஜரியின் பாதிரியார் செய்யத் தவறியது என்னவோ, அதுவே மருந்தாயிற்று.

இளவரசி டயானா 1995-இல் தொலைக்காட்சி நேர்காணலில் மூத்த மகன் பிறந்தபின் தமக்கு இது வந்ததை வெளிப்படையாகச் சொன்னார். அரண்மனையில் வாழ்ந்தவருக்கே வந்ததென்றால் இது ‘வசதி இல்லாததால் வரும் கவலை’ மட்டும் அல்ல என்று உலகம் உணர்ந்தது.

நம் தாய்மார் கணக்கு

வேலூர் மாவட்டக் கிராமப்புறத்தில் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. பிள்ளை பெற்றபின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 விழுக்காடு. லண்டனில் பிட் கண்ட அதே அளவு. காரணங்களில் வறுமை, ஆண்பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண்பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கைவேலைக்கு ஆள் இல்லாமை ஆகியவை இருந்தன. எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவமும் 2005-இல் சோதித்து உறுதிசெய்யப்பட்டது. ஆங்கிலத்தில் 13 எடுத்தால் கவனிக்க வேண்டும் என்றால், தமிழில் 9 எடுத்தாலே கவனிக்க வேண்டும் என்று அந்த ஆய்வு கண்டது. நம் பெண்கள் வலியைக் குறைத்தே சொல்கிறார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

மலேசியாவில் 1997-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில் மொத்தம் 3.9 விழுக்காடு, ஆனால் இந்தியத் தாய்மாரில் மட்டும் 8.5. சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்து ஓர் இனத்தின்மேல் முத்திரை குத்தக் கூடாது. ஆனாலும் நம் சமூகம் அலட்சியப்படுத்தக் கூடாத எச்சரிக்கை அது. 2016-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு நாடு முழுவதற்கும் 4.4 விழுக்காடு என்றது. சிங்கப்பூரில் 2005-இல் வெளியான ஆய்வு கர்ப்ப காலத்தில் 12.2, பிரசவத்துக்குப் பின் 6.8 விழுக்காடு என்று காட்டியது. பிரச்சினை பலருக்கு வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. 2013-இல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலும் கர்ப்ப காலத்தையும் சேர்த்துக்கொண்டது.

‘நம்மிடம்தான் பத்தியம் இருக்கே, 40 நாள் அம்மா வீடு இருக்கே, நமக்கு எப்படி வரும்?’ என்று கேட்பீர்கள். 1983-இல் ஸ்டெர்ன், குரூக்மன் என்ற ஆய்வாளர்களும் இதே வாதத்தை முன்வைத்தார்கள்: பழைய சடங்குகள் தாயைத் தாங்குகின்றன என்று. உண்மை உண்டு. காயம் அரைத்துக் கொடுக்கவும், பிள்ளையைக் குளிப்பாட்டவும், தாயைத் தூங்க விடவும் ஆள் இருந்தால் அது பெரிய பாதுகாப்பு. ஆனால் வேலூர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. அதே வீட்டில் சண்டை இருந்தால், ‘பொண்ணுதானா?’ என்ற பேச்சு இருந்தால், 40 நாள் பாதுகாப்பு 40 நாள் சிறையாகிவிடும். பத்தியத்தின் பலன் பத்தியத்தில் மட்டும் இல்லை. சுற்றி இருக்கிறவர்கள் நாக்கிலும் இருக்கிறது.

எப்படிக் கண்டுகொள்வது? எங்கே போவது?

உங்கள் பள்ளியில் மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் ஆசிரியை இருக்கலாம். அக்காவோ அண்ணியோ புதிதாகப் பிள்ளை பெற்றிருக்கும் மாணவர் உங்கள் வகுப்பில் இருக்கலாம். கீழ்க்காண்பவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனியுங்கள்:

• பிள்ளை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வராமை
• எதிலும் பிடிப்பில்லாமை, பிள்ளைமேல் ஒட்டுதல் இல்லையே என்ற குற்ற உணர்வு
• பிள்ளை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் எழுந்து பார்ப்பது, நெஞ்சு படபடப்பு, கெட்டது நடந்துவிடும் என்ற ஓயாத பயம்
• ‘நான் நல்ல அம்மா இல்லை’, ‘நான் இல்லாமல் இருந்தால் நல்லது’ என்ற பேச்சு

கடைசியில் சொன்னதைக் கேட்டால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மலேசியாவில் தாய்-சேய் நலக் கிளினிக்கின் தாதியர் பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே வருவார்கள். அவர்களிடம் பிள்ளையின் எடையை மட்டும் கேட்காமல் தாயின் மனத்தையும் சொல்லலாம். தாலியான் காசே 15999, தாலியான் ஹீல் 15555 ஆகிய எண்களிலும் பேசலாம். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இதற்கென்றே மனநலச் சேவை உண்டு. அவசரத்துக்கு 1767.

‘சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடுமோ’ என்ற பயம் முன்பு இருந்தது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவைச் சிங்கப்பூர் 2020-இலும் மலேசியா 2023-இலும் நீக்கிவிட்டன. ‘மருந்து சாப்பிட்டா பால் குடுக்கக் கூடாதே’ என்பது இன்னொரு தயக்கம். தாய்ப்பால் கொடுக்கும்போதே உட்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு. மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானிக்கலாம். பலருக்குப் பேச்சு சிகிச்சையே போதும். இந்நோய்க்கென்றே அமெரிக்காவில் 2019-இல் ஓர் ஊசிமருந்தும் 2023-இல் ஒரு மாத்திரையும் அனுமதி பெற்றன. நோயும் உண்மை, சிகிச்சையும் உண்மை என்பதற்கு இவையும் சான்று.

மலேசியாவில் 2023 முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் நாள்களை மட்டும் கூட்டினால் போதாது. அந்த நாள்களில் யாராவது ஒருவர் ‘பிள்ளை எப்படி இருக்கு?’ என்பதோடு நிறுத்தாமல், ‘நீ எப்படி இருக்கே?’ என்று கேட்டு, பதில் முடியும்வரை பேசாமல் இருக்க வேண்டும்.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

1. 19-ஆம் நூற்றாண்டு மருத்துவமனைப் பதிவேடுகளுக்கும் 1968-ஆம் ஆண்டு ஆய்வுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குக. ஒரு வரலாற்றுச் சான்றின் வரம்பை இது எப்படிக் காட்டுகிறது?
2. மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டப் பிரிவுகளில் ஆங்கிலேயச் சட்ட மரபின் தாக்கத்தை ஒப்பிடுக.
3. ‘பாரம்பரியப் பத்தியம் தாயின் மனநலத்தைக் காக்கிறது.’ இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் சான்றுகளோடு எழுதுக.
4. செயல்பாடு: உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம், அவர்கள் காலத்தில் பிள்ளை பெற்றவளை யார் கவனித்தார்கள், மனம் சோர்ந்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதுக. அவர்கள் விரும்பாததைக் கேட்காதீர்கள். சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

ஆசிரியர்கள் நான்காம் செயல்பாட்டைக் கொடுக்கும் முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். சில மாணவர்களின் வீட்டில் இந்தக் காயம் இன்னும் ஆறாமல் இருக்கலாம். அவர்கள் முதல் மூன்று வினாக்களில் ஒன்றையே எடுத்துக்கொள்ளட்டும். யாராவது தனியே வந்து பேச விரும்பினால், பள்ளி ஆலோசகரிடம் அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள்.